டிமென்ஷியா அம்மாவ அக்கா பாத்துக்குது, நாம 'ஹெல்ப்'புன்னு பண்ற தப்புங்க

எங்க அம்மாவுக்கு டிமென்ஷியா, அதாவது ஞாபகமும் யோசிக்கற திறனும் கொஞ்சம் கொஞ்சமா மங்கற நோய். பாத்துக்கறது திருச்சில இருக்கற அக்கா. நான் பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு வாரம் ஒரு தடவ போன்ல அட்வைஸ் மட்டும் குடுத்த ஆளு, அதனால கீழ சொல்றதுல பாதி நானே பண்ணின தப்புதான்.

பெரிய தப்பு, அரை மணி நேரம் பாத்துட்டு தீர்ப்பு சொல்றது. யாராவது வந்தா அம்மா சூப்பரா பேசுவாங்க, "காபி போடவா, புள்ளைங்க நல்லாருக்கா"ன்னு, காலம் பூரா பேசிப் பழகின பேச்சு அது, சீக்கிரத்துல போகாது, மொதல்ல போறது இப்ப நடந்த விஷயங்கதான் (காலைல இட்லி சாப்ட்டது மறந்துரும், யாரு கல்யாணத்துல யாரு மொய் வைக்கலன்னு கரெக்டா சொல்வாங்க). நாம அத பாத்துட்டு "நல்லாதான இருக்காங்க, நீதான் பெருசு பண்ற"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிடுவோம். 6 மணிக்கு மேல "எங்க வீட்டுக்கு போணும், கதவ தெற"ன்னு ஆரம்பிச்சு நடுராத்திரி வரைக்கும் போற கூத்து அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். சாயங்காலமானா ஏறற இந்த குழப்பத்துக்கு சன்டவுனிங்னு பேரே இருக்கு. வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி அங்க தங்கிப் பாருங்க.

"வளையல அவதான் எடுத்துட்டா"ன்னு அம்மா சொன்னத நம்பி விசாரிக்கறது அடுத்தது. வெச்ச எடமும் மறந்துருது, தான் வெச்சதும் மறந்துருது, அப்ப யாரோ எடுத்திருக்கணும்ல, எப்பவும் கூடவே இருக்கற ஆளு மேலதான் பழி விழும். நான் போன் போட்டு "வளையல் எங்க?"ன்னு கேட்டேன். அக்கா ரெண்டு வாரம் பேசல. வளையல் அரிசி டப்பால இருந்துச்சு.

மாசம் ஒரு வீடுன்னு முறை போடறது பாக்க நியாயமா தெரியும், ஆனா புது எடத்துல பாத்ரூம் எந்தப் பக்கம்னு தெரியாம தடுமாறிப் போவாங்க. அம்மா அங்கயே இருக்கட்டும், நாம போய் இருப்போம்.

வல்லாரைக்கீரை ஃபார்வர்டு, போனதும் "நான் யாருன்னு சொல்லு"ன்னு பரீட்சை, இதெல்லாம் விட்ருங்க.

அப்புறம் "ஏதாவது வேணும்னா சொல்லு". சத்தியமா சொல்ல மாட்டாங்க. "வெள்ளிக்கிழமை ராத்திரி வரேன், ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் பாத்துக்கறேன், நீ தூங்கு"ன்னு தேதியோட சொல்லுங்க, டயப்பர் காசும் அட்டெண்டர் சம்பளத்துல உங்க பங்கும் கேக்காமயே போட்டு விடுங்க. நீங்க பாத்துக்கற நாள்ல திடீர்னு குழப்பம் ஜாஸ்தியானா நோய் முத்திடுச்சுன்னு விட்டுடாதீங்க, யூரின் இன்ஃபெக்‌ஷன், மலச்சிக்கல் கூட காரணமா இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டிருங்க.

அக்காவுக்கே மனசு தாங்கலன்னா டெலி மானஸ் (அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன்) 14416, எந்நேரமும் பேசலாம், காசு இல்ல. அந்த நம்பர அனுப்பிட்டு கடமை முடிஞ்சுதுன்னு இருந்துடாதீங்க, அதையும் நான் பண்ணிருக்கேன்.