பையனுக்குப் பதினேழுதான்: வழக்கு என்று வந்தால் வீட்டார் செய்யும் தவறுகள்

பையனைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று தகவல் வந்ததும், வீட்டில் இருப்பவர்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் ஆதார் அட்டையைத்தான். "சார், பதினேழுதான் சார் ஆகுது, இதோ பாருங்க" என்று பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து நீட்டுவார்கள். முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. வயதுக்கு எந்தக் காகிதம் செல்லும் என்பதைச் சட்டம் வரிசை போட்டு வைத்திருக்கிறது. அந்த வரிசையில் ஆதார் கிடையாது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 94ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அவை இல்லாதபோதுதான் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டுமே இல்லையென்றால் எலும்பு முதிர்ச்சியைப் பார்க்கும் மருத்துவப் பரிசோதனை. அந்தப் பரிசோதனையில் இரண்டு வருடம் முன்பின் ஆகலாம் என்று நீதிமன்றங்களே ஒப்புக்கொண்டிருக்கின்றன. பதினேழா பத்தொன்பதா என்று குழம்பும் இடத்தில் அது எவ்வளவு உதவும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி., இருக்கிறதே என்றும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ வழக்கில், அதாவது சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டத்தின் கீழ் வந்த வழக்கில், டி.சி. இந்தப் பிரிவு கேட்கும் ஆவணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. ஆதார் பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்பதும் 2024இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் தெளிவாக்கிய விஷயம்.

இந்த வரிசையில் பலருக்குத் தெரியாத ஒரு கண்ணி இருக்கிறது. பிள்ளையை ஒரு வருடம் முன்னாலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட வேண்டும் என்று வயதை நாலு மாதம், ஆறு மாதம் கூட்டிச் சொல்லிவிடுவது நம் வீடுகளில் சகஜம். 2007 செப்டம்பர் 20இல் பிறந்தவனுக்குப் பள்ளிப் பதிவேட்டில் மே 20 என்று விழுந்துவிடும். அதே தேதி பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஏறிவிடும். 2025 ஜூலையில் அவன் ஓர் அடிதடியில் மாட்டுகிறான் என்று வையுங்கள். பெற்றவளின் கணக்கில் அவனுக்குப் பதினேழு வருடம் பத்து மாதம். சான்றிதழின் கணக்கில் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். பள்ளிச் சான்றுதான் வரிசையில் முதலில் நிற்கிறது; பிறப்புச் சான்றிதழ் அதற்குப் பின்னால். சந்தேகத்துக்கு இடமிருந்தால் சாட்சியம் எடுத்து விசாரிப்பார்கள், உண்மைதான். ஆனால் அது எத்தனை வாய்தா, எத்தனை அலைச்சல்! பதிவேட்டில் தேதி தப்பாக இருப்பது தெரிந்தால், பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் போவதற்கு முன்பே திருத்திவிடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு பெரும்பாடு.

எந்த நாளில் இருந்த வயது கணக்கு என்பதிலும் குழப்பம் உண்டு. பிடிபட்ட நாளோ தீர்ப்பு வரும் நாளோ அல்ல, சம்பவம் நடந்த நாள். பதினேழு வயதில் நடந்ததற்காக இருபது வயதில் கைதானாலும் இளைஞர் நீதிச் சட்டம்தான் பொருந்தும். வக்கீல் ஆரம்பத்தில் இதைக் கிளப்பாமல் விட்டுவிட்டார் என்பதற்காகக் கதவு மூடிவிடாது. 9ஆவது பிரிவின்படி எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், இறுதித் தீர்ப்புக்குப் பிறகும்கூட, சம்பவத்தின்போது பதினெட்டு ஆகவில்லை என்று எழுப்பலாம். ஆனாலும் முதல் நாளே சொல்லிவிட்டால், பையன் பெரியவர்களோடு சிறையில் கிடக்கும் மாதங்கள் மிச்சம்.

சரி, காவல் நிலையத்துக்கு வருவோம். அங்கே நடக்கும் பெரிய தவறு, பயத்தில் எதற்கும் தலையாட்டுவது. பதினெட்டுக்குக் கீழே இருப்பவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, சிறைக்கு அனுப்பக் கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். மத்திய அரசின் 2016 மாதிரி விதிகள் கைவிலங்கு போடக் கூடாது என்கின்றன. பிள்ளையிடம் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து கேட்கக் கூடாது என்றும் சொல்கின்றன. "ஒரு கையெழுத்துப் போடு தம்பி, வீட்டுக்குப் போயிடலாம்" என்று யாராவது சொன்னால், பிள்ளை அப்பா வரட்டும் என்று காத்திருப்பதுதான் நல்லது.

இன்னொரு தவறு வெட்கத்தால் வருவது. "அவன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்" என்று குழுமத்தின் பக்கமே வராமல் இருந்துவிடும் அப்பாக்கள் உண்டு. குழுமம் என்பது ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்தது. அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருப்பார். குற்றம் ஜாமீனில் விடத்தக்கதா இல்லையா என்று பார்க்காமல், பொதுவாக ஜாமீன் கொடுக்க வேண்டும் என்பதே சட்டம். வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதி கெட்டுப்போகும் என்ற மூன்று காரணங்களுக்காக மட்டும் மறுக்கலாம். பொறுப்பேற்க வீட்டிலிருந்து ஒருவர்கூட வராவிட்டால் அந்தக் காரணங்களுக்குத் தானாகவே பலம் வந்துவிடுகிறது. அப்புறம், விசாரணை முடியும்வரை சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லம்தான்.

வழக்கில் பெரியவர்களும் சேர்ந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். "நீ சின்னப் பையன், உனக்கு ஒண்ணும் ஆகாது, நீ ஏத்துக்கோ" என்று இருபத்தைந்து வயது 'அண்ணன்' சொல்வார். அவர் ஏற்பாடு செய்யும் வக்கீலே பையனுக்கும் வந்து நிற்பார். இந்த வக்கீல் யாருடைய நன்மையைப் பார்ப்பார்? பெரியவரையும் சிறாரையும் ஒன்றாக விசாரிக்கவே முடியாது, வழக்கு பிரியும். தனி வக்கீல் வையுங்கள். வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்டால் இலவசமாகவே கிடைப்பார். பிள்ளைகளைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு 83ஆவது பிரிவில் ஏழு வருடம் வரை கடுங்காவல் உண்டு என்பதை அந்த அண்ணன் சொல்லவே மாட்டார்.

ஒன்றும் ஆகாது என்ற அந்தப் பேச்சே பழைய காலத்துக் கணக்கு. 2012இல் டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கூட்டுப் பாலியல் கொடூரத்தில் ஒருவன் சிறார் என்பதால் எழுந்த கோபத்தில் பிறந்தது இப்போதைய சட்டம். பதினாறிலிருந்து பதினெட்டுக்குள் இருப்பவர், குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடம் அல்லது அதற்கு மேல் உள்ள 'கொடிய குற்றம்' செய்ததாகச் சொல்லப்பட்டால், குழுமம் முதல்நிலை மதிப்பீடு செய்யும். குற்றம் செய்யும் உடல், மனத் திறன் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்று பார்க்கும். தேவை என்று தோன்றினால் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பும். அங்கே பெரியவரைப் போலவே விசாரணை நடக்கலாம். மரண தண்டனையோ, விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையோ மட்டும் கிடையாது. அனுப்பாத வழக்குகளில், குற்றம் உறுதியான சிறாரைத் திருத்த வைக்கும் சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று வருடம்.

கொடிய குற்றம் என்றதும் கொலை, கொள்ளை என்றுதான் மனதில் ஓடும். காதல் விவகாரம் அந்தப் பெட்டிக்குள் போய் விழும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. போக்சோ சட்டத்தில் பதினெட்டுக்குக் கீழே சம்மதம் என்ற ஒன்றே கிடையாது. 2012 வரை அந்த எல்லை பதினாறாக இருந்தது. பதினேழு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பெண்ணும் வீட்டை விட்டுப் போகிறார்கள், உறவும் நடந்திருக்கிறது என்றால், அந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனை 2019 திருத்தத்துக்குப் பிறகு பத்து வருடம். ஏழு என்ற கோட்டைத் தாண்டிவிட்டது. "பையனைக் கொஞ்சம் மிரட்டி வைக்கத்தான் புகார் கொடுத்தோம்" என்று பெண் வீட்டார் பிறகு சமாதானமாகி வந்தாலும், புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகும் வழக்கு இது அல்ல. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படியொரு வழக்கை ரத்து செய்து, வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது போக்சோவின் நோக்கமல்ல என்றது. ஆனால் வயது வரம்பைக் குறைக்க வேண்டாம் என்றே சட்ட ஆணையம் 2023இல் பரிந்துரைத்தது. ஆகவே சட்டம் அப்படியே இருக்கிறது, தீர்வு ஒவ்வொரு வழக்காகத்தான். இதில் சட்டம் பிள்ளைகளின் வாழ்க்கையைவிட விறைப்பாக இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் என் எண்ணத்தை வைத்து யாருக்கும் ஜாமீன் கிடைக்காது.

வண்டி விஷயத்தில் நிலைமை தலைகீழ். பிள்ளை ஓட்டினால் சிக்குவது பெரியவர். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 199ஏ பிரிவின்படி, சிறார் செய்த குற்றத்துக்குப் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் பொறுப்பு: மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு இருபத்தைந்து வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்றால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். "பதினாறு ஆனால் ஸ்கூட்டி ஓட்டலாமே" என்பார்கள். ஓட்டலாம், 50 சிசிக்கு மேல் போகாத கியர் இல்லாத வண்டியை, அதுவும் உரிமத்தோடு. வாசலில் நிற்பது எத்தனை சிசி என்று ஆர்.சி. புத்தகத்தில் பாருங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவனாக இருந்தாலும் பாதிக்கப்பட்டவளாக இருந்தாலும், சிறாரின் பெயர், படம், பள்ளி என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், சில நேரம் இரண்டும்.

வழக்கு முடிந்ததும் கோப்பை மறந்துவிடுவது கடைசித் தவறு. குழுமம் முடித்த வழக்கால் படிப்புக்கோ வேலைக்கோ தகுதி இழப்பு வராது, மேல்முறையீட்டுக் காலம் கழிந்ததும் பதிவுகளை அழிக்க வேண்டும் என்கிறது 24ஆவது பிரிவு. குழந்தைகள் நீதிமன்றத்தில் பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டுக் குற்றம் உறுதியானவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. உத்தரவின் சான்றிட்ட நகலை அப்போதே வாங்கி வையுங்கள். ஐந்தாறு வருடம் கழித்து வேலைக்காகக் காவல்துறைச் சரிபார்ப்பு வரும்போது, பழைய பெயர் எங்காவது ஒரு பதிவேட்டில் கிடந்தால், காட்டுவதற்கு அந்த நகல் வேண்டும்.