‘வண்டி நின்றுகொண்டுதானே இருந்தது?’: புதிதாக ஓட்டுபவர்கள் செல்போனோடு செய்யும் தவறுகள்

என்னிடம் பயிற்சி எடுத்து, ஓட்டுநர் உரிமம் வாங்கி மூன்று வாரம்கூட ஆகாத பையன் ஒருவன் போன வாரம் வந்து நின்றான். காரின் முன் பம்பர் உள்ளே போயிருந்தது. யாருக்கும் அடி இல்லை. முன்னால் நின்ற வண்டியின் பின்புறத்தில் இடித்திருக்கிறான். எப்படி என்று கேட்டேன். “சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன் சார். மெசேஜ் வந்தது, பார்த்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள், எடுத்துவிட்டேன்” என்றான்.

கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏறக்குறைய இதே வார்த்தைகளை, பத்தொன்பது வயதில், ஒரு காவல் அதிகாரியின் முன்னால் நின்று நான் சொல்லியிருக்கிறேன்.

குடித்துவிட்டு ஓட்டாதே, சீட் பெல்ட் போடு, வேகமாகப் போகாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். நான் எழுதுவது நல்ல பிள்ளைகள் செய்கிற தவறுகளைப் பற்றி. தாங்கள் கவனமாகத்தான் ஓட்டுகிறோம் என்று மனதார நம்புகிற பிள்ளைகள் அவர்கள்.

ஓடும் வண்டியில் டைப் செய்வது

இது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதது கணக்கு மட்டும்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறது. ஐந்து விநாடி திரையைப் பார்த்தால் 80 மீட்டருக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அடுத்த முறை நடந்து போகும்போது 80 மீட்டரை எண்ணிப் பாருங்கள். அந்த நீளத்துக்குள் எத்தனை வாசல்கள், எத்தனை சந்துகள், எத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மடியில் போன்

போனைக் கையில் எடுப்பதில்லை என்று உறுதியாக இருக்கிற பிள்ளைகளும் அதை மடியிலோ பக்கத்து சீட்டிலோ வைத்துக்கொள்கிறார்கள். முதல் வளைவிலோ முதல் பிரேக்கிலோ அது நழுவிக் கீழே விழும். விழுந்ததும் கை தானாகப் போகும். உடம்பு சாயும், சாய்கிற பக்கத்துக்கு ஸ்டீயரிங்கும் சாயும். இதை நான் பயிற்சிக் காரில் எத்தனையோ முறை பார்த்து, என் பக்கத்து பிரேக்கை மிதித்திருக்கிறேன்.

அமெரிக்காவில் புதிதாக உரிமம் பெற்ற 42 இளம் ஓட்டுநர்களின் கார்களில் கேமரா பொருத்தி ஒன்றரை ஆண்டு கவனித்தார்கள். 2014-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் முடிவு வந்தது. போனில் எண்களை அழுத்தும் நேரத்தில் மோதல் அல்லது மயிரிழையில் தப்பிய மோதல் நேரும் அபாயம், ஒழுங்காக ஓட்டும் நேரத்தைவிட ஏறத்தாழ 8 மடங்கு. போனை எட்டி எடுக்கும் நேரத்தில் ஏறத்தாழ 7 மடங்கு. எடுத்துப் பேசுவதற்கு முன்பே, எட்டுகிற அந்தச் செயலே இவ்வளவு செய்கிறது. அனுபவசாலிகளிடம் போனை எட்டுவதில் இந்த ஏற்றம் தென்படவில்லை என்பதையும் கவனியுங்கள். அப்பா செய்கிறாரே, அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ஒப்பிட்டுப் பார்க்கிற பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன்.

போனை எடுக்க முடியாத இடத்தில் வையுங்கள். பை பின் சீட்டில் இருக்கட்டும், போன் அந்தப் பைக்குள் இருக்கட்டும்.

சிக்னலில் நிற்கும்போது பார்ப்பது

இங்கேதான் எனக்குக் கோபம் வரும். இத்தனை ஆண்டு சொல்லிக்கொடுத்த பிறகும், இந்த ஒரு தவறை மட்டும் என்னால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை. இதைச் செய்கிறவர்கள் இதைத் தவறு என்றே எண்ணுவதில்லை. ஓடும்போது தொடாமல் அடக்கிவைத்த ஆசைக்குச் சிக்னல் ஓர் அனுமதிச் சீட்டு ஆகிவிடுகிறது. “வண்டி நின்றுகொண்டுதானே இருந்தது, யாருக்கு என்ன ஆகும்?” என்று கேட்கிறார்கள்.

என்ன ஆகும் என்று சொல்கிறேன்.

மழை விட்டிருந்த ஒரு மாலை. நான்தான் வரிசையில் முதல் வண்டி. போனில் வெளிச்சம் வந்தது, எடுத்தேன். நண்பன் அனுப்பியது. பாதி படித்திருப்பேன், பின்னாலிருந்து ஹாரன். ஒன்றல்ல, இரண்டு மூன்று வண்டிகள் சேர்ந்து அடித்தன. நிமிர்ந்தேன், பச்சை தெரிந்தது, கால் கிளட்சை விட்டது. இதைத்தான் நான் புரியவைக்க விரும்புகிறேன்: நான் பார்த்தது பச்சை விளக்கை மட்டும். விளக்கு இருந்தது மேலே. கீழே, என் பம்பருக்கு முன்னால், பாதசாரிகள் கடக்கும் கோட்டைத் தாண்டி முடிக்காத ஒரு பெரியவர் இருந்தார். குடையை மடக்கி அதை ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தவர். விளக்கு மாறியபோது பாதி வழியில் இருந்திருக்கிறார். நான் திரையைப் பார்க்காமல் இருந்திருந்தால் அவர் கிளம்பியதிலிருந்தே என் கண்ணில் பட்டிருப்பார்.

வேகம் ஒன்றுமில்லை, நடக்கிற வேகம்தான். அவர் பக்கவாட்டில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. நான் இறங்கி ஓடியபோது முதலில் கண்ணில் பட்டது அவருடைய மூக்குக்கண்ணாடி; ஈரத் தார்ச்சாலையில், ஒரு காது பிடி மடங்கி, ஒரு கண்ணாடி மட்டும் உடையாமல் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்துக் கையில் கொடுத்தேன். அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பிழைத்தார். ஆனால் அதன் பிறகு ஒருநாளும் துணையில்லாமல் தெருவுக்கு வரவில்லை. அவர் காலமாகும்வரை மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவந்தேன். ஒருமுறைகூட அவர் என்னைக் கடிந்து பேசியதில்லை. அன்று நண்பன் அனுப்பிய அந்தச் செய்தியில் இருந்தது, “சரி, நாளைக்குப் பார்க்கலாம்.”

இப்போது இது ஏன் நடக்கிறது என்று பார்ப்போம். ‘நின்ற வண்டி’ என்ற நினைப்பில்தான் பிழை இருக்கிறது. நிற்பது வண்டிதான். சந்திப்பு நிற்பதில்லை. அந்த அறுபது விநாடியில் உங்களைச் சுற்றி எல்லாம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது: இடப்பக்க இடுக்கில் ஒரு சைக்கிள் நுழைந்திருக்கும், வலப்பக்க வேனின் மறைவில் ஒரு தாயும் குழந்தையும் வந்திருப்பார்கள், குறுக்குச் சாலையில் ஒருவர் மஞ்சளில் தாண்டிவிடலாம் என்று விரட்டி வந்துகொண்டிருப்பார். அனுபவமுள்ள ஓட்டுநர் நிற்கும் நேரத்தில் இந்தப் படத்தை மனதில் சேர்த்துக்கொண்டே இருப்பார். திரையைப் பார்த்தவரிடம் விளக்கு மாறும்போது இருப்பது ஒரு நிமிடத்துக்கு முந்தைய படம்.

அடுத்தது ஹாரன். பின்னால் அடிக்கும் ஹாரனுக்குப் புதியவர்களின் கால்தான் முதலில் பதில் சொல்கிறது, கண் பிறகுதான் வருகிறது. தாமதப்படுத்திவிட்டோமே என்ற வெட்கமும் பதற்றமும் சேர்ந்து காலை அழுத்துகின்றன. எனக்கு நடந்ததும் அதுதான், அந்தப் பையனுக்கு நடந்ததும் அதுதான். அவன் முன்னால் நின்ற வண்டி நகரவே இல்லை. பக்கத்து வரிசை நகர்ந்ததைப் பார்த்து ஹாரன் அடித்திருக்கிறார்கள்.

மூன்றாவது, பிரேக். படிக்கும்போது கால் தளர்கிறது. ஆட்டோமேட்டிக் காரில் கியர் ‘டி’-யில் இருந்தால் பிரேக் தளர்ந்ததும் வண்டி தானாக முன்னே ஊரும். மேட்டில் நிற்கும் மேனுவல் கார் பின்னால் உருளும். ஊர்வது ஓட்டுகிறவருக்குத் தெரிவதே இல்லை, ஏனென்றால் திரை அவரோடு சேர்ந்தே நகர்கிறது.

கடைசியாக, போனைக் கீழே வைத்தால் மனமும் அதோடு கீழே இறங்கிவிடுவதில்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்ட்ரேயர் குழு 2015-இல் காரில் குரல் கட்டளை கொடுக்கும் கருவிகளைச் சோதித்தது. வேலை முடிந்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப, மோசமான கருவிகளில் 27 விநாடி வரை ஆனதாகக் கண்டார்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் 27 விநாடி என்றால் 300 மீட்டர். சிக்னலில் படித்த செய்தி எரிச்சலூட்டுவதாக இருந்தால், ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை அடுத்த சிக்னல் வரை அதற்கு மனதுக்குள் பதில் எழுதிக்கொண்டே போவான். அந்தத் தூரத்தில் அவன் கண் திறந்திருக்கும், கை ஸ்டீயரிங்கில் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மிக ஒழுங்காக ஓட்டுகிறவனாகத் தெரிவான்.

இதற்கு நான் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இதுதான். நின்றதும் நியூட்ரல், ஹேண்ட்பிரேக். பிறகு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: “இடப்பக்கம் ஒரு சைக்கிள். பின்னால் லாரி. கோட்டில் இரண்டு பேர், ஒருவர் திரும்பிப் பார்க்கிறார்.” பார்ப்பதைச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது பழைய பயிற்சி முறைதான். முதல் நாள் பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கும். ஒரு வாரத்தில் வாய் நின்றுவிடும், கண் மட்டும் அந்த வேலையைத் தொடரும். விளக்கு பச்சையானதும் இடம், வலம், கோடு, முன்வண்டி என்று நான்கையும் பார்த்த பிறகுதான் கால் நகர வேண்டும். பின்னால் ஹாரன் அடிக்கட்டும். அடிக்கிறவருக்கு உங்கள் பம்பருக்கு முன்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

காதில் மாட்டிக்கொண்டால் ஆபத்தில்லை என்று நினைப்பது

“கை ஸ்டீயரிங்கில்தான் சார் இருந்தது” என்பார்கள். 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கனடாவின் டொராண்டோவில் விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் போன் பதிவுகளை ஆராய்ந்தார்கள். போனில் பேசும்போது விபத்து அபாயம் 4 மடங்கு; கையில்லாமல் பேசும் கருவி வைத்திருந்தவர்களுக்குப் பெரிதாக எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் பேசிக்கொண்டிருப்பார். குறுக்கே லாரி வந்ததும் நிறுத்திவிடுவார், சில நேரம் “பார்த்து” என்றும் சொல்வார். மறுமுனையில் இருப்பவருக்கு லாரி தெரியாது. அவர் பேசிக்கொண்டே போவார், பதிலும் எதிர்பார்ப்பார். முதல் ஓர் ஆண்டு இதுவும் வேண்டாம். பழகிய பிறகு என்று சொல்வீர்கள். பழகிய பிறகும் நான் பேசுவதில்லை.

மேப்பை ஓட்டிக்கொண்டே மாற்றுவது

கிளம்புமுன் போடுங்கள். வழி தவறினால் தவறட்டும், அதுவே அடுத்த திருப்பத்தைச் சொல்லும்.

பாட்டு மாற்றுவது

பிடிக்காத பாட்டு நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும்.

வீடியோ எடுப்பது

வேண்டாம்.

நண்பர்கள் நிறைந்த கார்

உங்கள் போன் பையில் இருந்தாலும் பின் சீட்டில் மூன்று போன்கள் இருக்கின்றன. “இதைப் பாரேன்” என்று ஒரு கை முன்னால் நீளும். திரும்பிப் பார்க்காமல் இருப்பது பதினெட்டு வயதில் எளிதல்ல. நட்பை மறுப்பதுபோல் இருக்கும். இளம் ஓட்டுநரின் காரில் அதே வயதினர் ஏற ஏற அபாயம் கூடுகிறது என்பதால்தான் பல நாடுகளில் படிப்படியான உரிமம் கொடுக்கிறார்கள். நியூசிலாந்து 1987-லேயே இதைத் தொடங்கியது. தொடக்கக் காலத்தில் இரவு ஓட்டுவதற்கும் ஆட்களை ஏற்றுவதற்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. உங்கள் ஊரில் சட்டம் இல்லாவிட்டாலும் வீட்டில் இந்த விதியை வைத்துக்கொள்ளலாம்: முதல் ஆறு மாதம் காரில் ஒரு நண்பர் மட்டும், அவர் முன் சீட்டில். மேப்பைப் பார்ப்பதும், அழைப்பு வந்தால் “ஓட்டிக்கொண்டிருக்கிறான்” என்று சொல்வதும் அவர் பொறுப்பு.

ஓட்டுகிற பிள்ளையை அழைப்பது

இது பெற்றோருக்கு. பிள்ளை கிளம்பிப் பத்து நிமிடத்தில் “எங்கே இருக்கிறாய்?” என்று அழைக்கிறீர்கள். எடுக்காவிட்டால் மறுபடி அழைக்கிறீர்கள். நண்பனின் அழைப்பைத் துணிந்து விட்டுவிடுகிற பிள்ளைகூட அம்மாவின் மூன்றாவது அழைப்பை எடுத்துவிடும், திட்டு விழுமே என்று. பயிற்சியின்போதே சில பிள்ளைகளின் போன் விடாமல் ஒலிப்பதைக் கேட்டிருக்கிறேன். ஒலிக்க ஒலிக்க அவர்கள் தோள் இறுகுவது பக்கத்து சீட்டிலிருந்து எனக்குத் தெரியும்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் வீட்டில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். காரில் ஏறியதும், சாவியைத் திருப்புமுன், “கிளம்புகிறேன்” என்று அம்மாவுக்கு ஒரு செய்தி. போய்ச் சேர்ந்து எஞ்சினை அணைத்ததும் “வந்துவிட்டேன்” என்று இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் வீட்டிலிருந்து யாரும் அழைப்பதில்லை. முதல் சில நாள் அந்த நடுநேரம் மிகவும் கஷ்டமாக இருந்தது, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன் என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். நின்றார், அழைக்கவில்லை.