போனுக்கு முதலில் ஓர் இடம் பாருங்கள்

2021 ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு ஒன்பது மணி கடந்ததும் பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஒரேயடியாக நின்றுபோனது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். உலகம் முழுக்க ஏறத்தாழ 6 மணி நேரம். அன்றிரவு நான் ரவுட்டரை மூன்று தரம் நிறுத்திப் போட்டேன், போனை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினேன், மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு "உங்களுக்கு வேலை செய்யுதா?" என்று கேட்டேன். இத்தனைக்கும் யாரோடும் கதைக்க வேண்டிய அவசரம் எனக்கு இருக்கவில்லை. சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பதற்றம்தான் சமூக ஊடகத்துக்கு அடிமையாவதன் முதல் அடையாளம். நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் பேஸ்புக் பழக்கத்தை அளக்க ஆறு கேள்விகள் தயாரித்தார்கள், பிறகு அவை சமூக ஊடகம் முழுவதற்கும் விரிந்தன. என் சொற்களில் கேட்கிறேன், உண்மையாகப் பதில் சொல்லிப் பாருங்கள். போன் கையில் இல்லாதபோதும் அதே நினைப்பா? முன்பு பத்து நிமிடத்தில் ஆறிய மனம் இப்போது ஒரு மணி நேரம் கேட்கிறதா? கவலையை மறக்கத்தான் திறக்கிறீர்களா? குறைக்க நினைத்து முடியாமல் போனதா? யாராவது வாங்கி வைத்தால் கோபம் வருகிறதா? வேலையோ படிப்போ அடிபட்டிருக்கிறதா? ஒன்றிரண்டுக்கு ஆம் என்றால் பயப்பட வேண்டாம். பெரும்பாலானவற்றுக்கு ஆம் என்றால் இன்றைக்கே ஏதாவது செய்யுங்கள்.

எனக்கு இது விளங்கியது ஒரு ஞாயிறு பின்னேரம், திருகோணமலை டச் பே கடற்கரையில். ஒரு கையில் கச்சான் சரை, மற்றக் கையில் போன். மகள் ஈரமணலில் ஒரு நண்டு வளை தோண்டுவதைக் கண்டுவிட்டு "அம்மா, இங்க பாருங்க" என்றாள். நான் "ம்" என்றேன். திரும்பவும் கூப்பிட்டாள், திரும்பவும் "ம்". மூன்றாவது தரத்துக்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை, குந்தியிருந்து தானே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தது முகம் தெரியாத ஒருவர் கேக்குக்குப் பூ வைக்கும் வீடியோ.

அன்றிரவே எல்லா ஆப்பையும் அழித்தேன், நாலாம் நாள் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. மனவுறுதியை மட்டும் நம்பி இறங்காதீர்கள் என்று அதனால்தான் சொல்கிறேன். தள்ளத் தள்ள முடிவில்லாமல் வரும் அந்தத் திரை 2006இல் அசா ராஸ்கின் என்பவர் வடிவமைத்தது, அதற்காக வருந்துவதாகப் பின்னர் அவரே சொன்னார். முன்பு ஒரு பக்கம் முடிந்தால் 'அடுத்தது' என்று அழுத்த வேண்டும், அந்த இடத்தில் போதும் என்று தோன்ற ஒரு வாய்ப்பு இருந்தது. இப்போது அது இல்லை. அதோடு எப்போது நல்லது வரும் என்றும் தெரியாது. துறைமுகப் பக்கம் தூண்டில் போட்டு இருப்பவர்களைப் பாருங்கள், போட்ட உடனேயே ஒவ்வொரு தரமும் மீன் பட்டால் தேவையானதை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவார்கள். எப்போது கொத்தும் என்று தெரியாததால்தான் அப்படியே இருக்கிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? போன் இருக்கும் இடத்தை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். சார்ஜரைப் படுக்கையறையில் இருந்து எடுத்துக் குசினியிலோ விறாந்தையிலோ குத்துங்கள், இரவு ஒன்பதரைக்குப் போன் அங்கே போய்விட வேண்டும். "அலாரம் வேண்டுமே" என்பீர்கள், நானும் அதைத்தான் சொன்னேன். கடையில் சின்ன அலாரம் மணிக்கூடு ஒன்று வாங்குங்கள். விடிய எழும்பி முகம் கழுவித் தேத்தண்ணி குடித்து முடியும் வரை போன் பக்கம் போகாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் ஒரு கிழமை செய்தாலே நித்திரையில் வித்தியாசம் தெரியும், எனக்குத் தெரிந்தது.

அடுத்தது டேட்டா. நடுச்சாமம் 12 மணிக்குப் பிறகு தொடங்கும் இரவு டேட்டா பக்கேஜ் மலிவு என்று விழித்திருக்கும் பிள்ளைகள் நம் ஊரில் நிறையப் பேர். மிச்சம் பிடிக்கிற காசைவிடப் போகிற நித்திரை பெரிது. அதேபோல் சில ஆப்புகளுக்கு மட்டும் அளவில்லாமல் தரும் பக்கேஜை அடுத்த ரீலோடில் எடுக்காமல் விடுங்கள், டேட்டா குறையக் குறையக் கையும் யோசிக்கும்.

வாட்ஸ்அப்பை அழிக்கச் சொல்ல மாட்டேன். கனடாவில் அண்ணா, லண்டனில் சித்தி என்று இருக்கும் வீட்டில் அது நடக்காது, நடக்கவும் தேவையில்லை. ஆட்களோடு கதைப்பது வேறு, ஆட்களைப் பார்த்துக்கொண்டே இருப்பது வேறு. அழைப்பும் நேரடிச் செய்தியும் சத்தம் போடட்டும், குரூப்புகளையும் ஸ்டேட்டஸையும் மியூட் பண்ணுங்கள். பேஸ்புக், டிக்டொக் இரண்டையும் போனில் இருந்து எடுத்துவிட்டுத் தேவைப்பட்டால் பிரவுசரில் கடவுச்சொல் போட்டுத் திறவுங்கள். கணக்கை மூட வேண்டியதில்லை, திறக்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தால் போதும். அன்ட்ரொய்ட் போன் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒன்று இருக்கும், ஐபோனில் ஸ்கிரீன் டைம். ஒரு நாளில் எத்தனை தரம் போனைத் திறந்தீர்கள் என்று அது காட்டும். அந்த எண்ணை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள், வீட்டில் யாருக்கும் காட்டத் தேவையில்லை.

முதல் சில நாள் கை தானாகப் பையைத் தேடும், எரிச்சல் வரும். அந்த நேரத்துக்கு ஒரு வேலையை முன்கூட்டியே வைத்திருங்கள். என்னுடையது பின்னேரம் ஐந்தரை மணி. அந்த நேரம் போனை வீட்டில் வைத்துவிட்டு மகளோடு கோட்டை வாசலால் கோணேசர் கோயில் வரை நடப்போம், வழியில் நிற்கும் மான்களை அவள் எண்ணுவாள். நீங்கள் உப்புவெளியில் இருந்தால் கடல் பக்கத்திலேயே இருக்கிறது, கிண்ணியாவில் இருந்தால் பாலத்தடி இருக்கிறது.

பிள்ளைகளிடம் மட்டும் அவசரப்பட்டுப் போனைப் பறிக்காதீர்கள், அப்புறம் ஒளித்துத்தான் பார்ப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் உங்கள் போனும் அவர்கள் போனும் ஒரே மேசையில் இருக்கட்டும், முதலில் உங்களுடையதை வையுங்கள்.

போனை விட்ட பிறகும் மனம் இருண்டே கிடந்தால், நித்திரையே இல்லை என்றால், அடியில் வேறு ஏதோ கவலை இருக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள், தமிழில் கதைக்கலாம். அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம், காசு இல்லை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப் போங்கள்.