ஆபீஸும் ஃப்ரீஸ்டைல் கயாக் போட்டியும்: 45 விநாடிக்குத் தயாராவது எப்படி

சின்னத் துடுப்புப் படகில் உட்கார்ந்து ஆற்று நீரில் வித்தை காட்டும் போட்டியான ஃப்ரீஸ்டைல் கயாக்கில் ஒரு ஆட்டம் 45 விநாடிதான். அதற்குள் ஹோலில், அதாவது விழுந்த தண்ணீர் மேலாற்றை நோக்கித் திரும்பிப் புரளும் நுரைக்குழியில், எத்தனை வித ட்ரிக் போடுகிறீர்கள் என்பதுதான் கணக்கு. படகின் முன்முனையும் பின்முனையும் மாறி மாறித் தண்ணீருக்குள் இறங்கச் சக்கரம்போல் சுழற்றும் கார்ட்வீலை ஒரே பக்கம் பத்துத் தடவை போட்டாலும் ஒரு தடவைக்குத்தான் புள்ளி. மறுபக்கம் போட்டால் தனிப் புள்ளி. படகோடு முன்பக்கமாகக் குட்டிக்கரணம் போடும் லூப்புக்குப் பக்கம் கிடையாது. நேரம் குறைவாக உள்ளவர் புது ட்ரிக்கைத் துரத்துவதைவிட, தெரிந்ததை வராத பக்கத்திலும் பழகுவது லாபம்.

லண்டனில் வேலை பார்ப்பவர்களை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அவர்களுக்குக் கைக்கெட்டும் இடம் தேம்ஸின் ஹர்லி தடுப்பணை. எத்தனை மதகு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அங்கே அலையே மாறிவிடும். நல்ல தண்ணீர் வருவது பெரும்பாலும் குளிர்கால மழைக்குப் பிறகு. டிசம்பரிலோ நாலு மணிக்கே இருட்டு. அதனால் ‘செவ்வாய், வியாழன் பயிற்சி’ என்று நாள் குறித்தால் பாதி நாள் வீண். காலையில் ஆற்று நிலவரம் பாருங்கள். மதகு திறந்திருந்தால் அன்றே கிளம்பிவிட வேண்டும். மேலாளரிடம் முன்கூட்டியே பேசி, தண்ணீர் உள்ள நாளில் சீக்கிரம் கிளம்பி வேறு நாளில் ஈடு செய்ய ஒப்புதல் வாங்கி வையுங்கள். இருட்டில் இறங்கினால் கரையில் வலுவான விளக்கு வேண்டும். குறைந்தது மூன்று பேர், அதில் ஒருவர் கரையில், கையில் எறிகயிறோடு. தனியாக இறங்கவே கூடாது.

சனிக்கிழமை பத்துப் பேர் வரிசையில் நின்றால் ஒன்றரை மணி நேரத்தில் ஒன்பது, பத்து முறைதான் உங்களுக்கு வாய்க்கும். அதை வீணாக்காதீர்கள். முதல் இரண்டும் உடம்பு சூடேற. அடுத்த ஐந்தும் போட்டி மாதிரியே: கரையில் ஒருவர் 45 விநாடி எண்ணிக் கத்த வேண்டும். மிச்சம் இருப்பதில் புது ட்ரிக் ஒன்றே ஒன்று. தண்ணீர் இல்லாத வாரத்தில் கால்வாயிலோ நீச்சல் குளத்திலோ நாற்பது நிமிடம் கார்ட்வீல் பழகினால் போதும்; முனையைத் தண்ணீருக்குள் அழுத்தும் பழக்கம் அங்கேதான் வருகிறது.

லூப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலர் சிக்குவது அங்கேதான். பச்சைத் தண்ணீர் நுரைக்கு அடியில் நுழையும் கோடு ஒன்று தெரியும். படகு நேராக மேலாற்றைப் பார்த்திருக்க, முன்னால் சாய்ந்து, முனையை அந்தக் கோட்டில் இறக்குங்கள். நுரையில் இறக்கினால் முனை ஆழம் போகாது, படகு துள்ளி விலகிவிடும். முனை இறங்கியதும் கால்களை அழுத்திப் படகுக்குள்ளேயே எழுந்து நில்லுங்கள். படகு செங்குத்தாகி மேலே கிளம்பும் நொடியில் நெஞ்சை முழங்காலை நோக்கி மடக்கித் துடுப்பை முன்னால் வீசுங்கள். பாதி சுற்றி முதுகில் விழுகிறீர்களா? எழுந்து நிற்கும் முன்பே மடங்கிவிட்டீர்கள். பக்கவாட்டில் சாய்கிறதா? நுழையும்போதே படகு கோணலாக இருந்திருக்கிறது.

போட்டிக்கு ஆறேழு ட்ரிக் கொண்ட வரிசை ஒன்றை எழுதி மனப்பாடம் செய்யுங்கள். ஹோலை விட்டு வெளியே தள்ளக்கூடியதை முதலில் வைக்காதீர்கள். அடித்துச் செல்லப்பட்டால் திரும்பி வரும் நேரமும் அந்த 45-லேயே கழியும்.

நாள் முழுக்க நாற்காலியில் இருந்தவருக்குத் தொடையின் பின்தசை இறுகியிருக்கும். அந்த இறுக்கத்தோடு மடங்கவும் முடியாது, சின்னப் படகில் கால் நீட்டி உட்காரவும் முடியாது. மாலையில் பத்து நிமிடம் நீட்டிவிட்டு இறங்குங்கள். முழங்கை தோளுக்கு மேலே போனால் தோள் மூட்டு நழுவும் அபாயம் உண்டு. பிறகு மாதக்கணக்கில் வேலையும் சிரமம். குளிர்தண்ணீரில் வருடக்கணக்காக விளையாடினால் காதுக்குள் எலும்பு வளரலாம், ஆகவே காதடைப்பான் போடுங்கள். பெருமழைக்குப் பிறகு தேம்ஸில் சாக்கடையும் கலக்கும். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால், ஆற்றில் இறங்கியதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்; எலிக்காய்ச்சலை வெறும் ஃப்ளூ என்று நினைத்துவிடுவது எளிது.

பிரிட்டனில் முழுநேர வேலைக்குச் சட்டப்படி வருடத்துக்கு 28 நாள் சம்பள விடுப்பு. பொது விடுமுறைகளும் அதிலேயே அடங்கலாம். அதில் எட்டு, பத்து நாளை வருடத் தொடக்கத்திலேயே போட்டிகளுக்கு ஒதுக்குங்கள். 2022 உலகப் போட்டி நடந்த நாட்டிங்ஹாம் ஹோம் பியர்பான்ட் மாதிரி இடத்துக்குப் போட்டியன்று காலையில் போய் இறங்குவதில் பயனில்லை. இரண்டு நாள் முன்னால் போனால்தான் அந்த ஹோல் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும். இழுப்பு வலப்பக்கம் என்றால் உங்கள் வரிசையில், வெளியே தள்ளக்கூடிய வலப்பக்க ட்ரிக்குகளைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள்.