ஸ்டெம் செல் ஆய்வின் தொடக்க ஆண்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலவகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களைக் கொண்டு திசுக்களைப் புதுப்பிக்க முயலும் மீளுருவாக்க மருத்துவ ஆய்வுக்கு வரும் இளைஞர்களில் பலர் பழுதான இதயத்தையோ முதுகுத்தண்டையோ சீராக்கும் கனவோடு வருகிறார்கள். ஆனால் தொடக்க ஆண்டுகளின் பெரும்பகுதி, ஆய்வகத்தில் செல்களை உயிரோடு பராமரிக்கும் செல் வளர்ப்பிலேயே கழியும். அதை எடுபிடி வேலையாக நினைப்பதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

செல் வளர்ப்பில் புகுந்துவிடும் மிகச் சிறிய பாக்டீரியாவான மைகோபிளாஸ்மாவை எடுத்துக்கொள்வோம். சாதாரண பாக்டீரியா புகுந்தால் செல்கள் வளரும் ஊட்டத் திரவமான மீடியம் கலங்கி, அதன் இளஞ்சிவப்பு மஞ்சளாக மாறும். காலையில் இன்குபேட்டரைத் திறந்ததுமே தெரிந்துவிடும். மைகோபிளாஸ்மா புகுந்தாலோ மீடியம் தெளிவாகவே இருக்கும். செல்சுவர் இல்லாததால் பெனிசிலின் அதனிடம் பலிக்காது, 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் அது நழுவிவிடும். செல்கள் சாகாமல் மெல்ல இயல்பு மாறுவதால், மாதக்கணக்கில் எடுத்த அளவீடுகள் எதைக் காட்டின என்றே சொல்ல முடியாமல் போகும். டிஎன்ஏ தடயத்தைத் தேடும் பிசிஆர் போன்ற சோதனையைத் தவறாமல் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆண்டிபயாடிக்கை எப்போதும் கலந்தே வைக்கும் பழக்கம் கவனக்குறைவை மறைக்கத்தான் உதவும்.

இன்னொரு தவறு, குழாயின் மேல் ஒட்டிய லேபிளை நம்புவது. 2014 ஜனவரியில் ஜப்பானின் ரைகென் ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் அறிவித்த ஸ்டாப் செல்கள், அதாவது அமிலக் கரைசலில் வைத்தே சாதாரண செல்களை ஸ்டெம் செல் போல மாற்றியதாகச் சொல்லப்பட்டவை, உலகையே வியக்க வைத்தன. ஜூலையில் அக்கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அச்செல்கள் உண்மையில் கருமூல ஸ்டெம் செல்களிலிருந்து வந்தவை என்பது பின்னர் மரபணு ஆய்வில் தெரிந்தது. நம்முடைய செல்லே நம் கையில் மாறிவிடுவதும் உண்டு: நீண்ட நாள் வளர்த்த ஐபிஎஸ் செல்களில் (வளர்ந்த உடல் செல்லை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிப் பெறுபவை) 20ஆம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதி இரட்டிப்பாகி, அத்தகைய செல்கள் மற்றவற்றை முந்திப் பெருகிவிடும். 'இப்போது நன்றாக வளர்கிறது' என்று ஆய்வாளர் மகிழும் நாளில்தான் சந்தேகம் வர வேண்டும். வழக்கமான குரோமோசோம் சோதனையில் இச்சிறு மாற்றம் தப்பிவிடக்கூடும் என்பதால், தொடக்கத் தலைமுறைச் செல்களைத் திரவ நைட்ரஜனில் போதுமான அளவு சேமித்து வைப்பது அவசியம்.

அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்குவதும் ஆபத்தே. இந்தியாவில் 2017 தேசிய வழிகாட்டுதல்களின்படி, மனித ஸ்டெம் செல் ஆய்வுக்கு நிறுவன அளவிலான குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ரத்தமூல ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைகள் தவிர்த்த பிறவற்றை மருத்துவப் பரிசோதனையாக மட்டுமே நடத்தலாம் என்றும் அவை கூறுகின்றன. கட்டணம் வாங்கி எல்லா நோய்க்கும் செல் ஏற்றும் மையத்தில் வேலைக்குச் சேருமுன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டுரைப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்களே அதிகம். நேர்காணலுக்குப் போன இடத்தில் மைகோபிளாஸ்மா சோதனைப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். கடைசித் தேதி எது என்பதையும் கவனியுங்கள்.