பாலிசி எடுக்கும்போது குடும்பத்துக்குப் பாதகமாகும் தவறுகள்

பாலிசி என்று பேச்செடுத்தாலே நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "கடைசியில் எவ்வளவு கைக்கு வரும்?" என்பதுதான். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. கேட்க வேண்டிய கேள்வி வேறு: நாளைக்கு நான் இல்லையென்றால் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் கடன் தவணையும் எத்தனை வருடம் தடையில்லாமல் ஓடும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 40,000 ரூபாய் செலவுள்ள குடும்பம். சம்பாதிப்பவர் ஒருவர்தான், வயது முப்பது. வருமான வரி மிச்சமாகும் என்று மார்ச் மாதக் கடைசியில் அவசர அவசரமாக 20 வருட எண்டோவ்மென்ட் பாலிசி (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது) ஒன்றை எடுக்கிறார். பிரீமியம் ஆண்டுக்கு 50,000 ரூபாய். இதில் காப்பீட்டுத் தொகை பத்து லட்சத்தை ஒட்டித்தான் இருக்கும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பணம் இரண்டு வருடச் செலவுக்குத்தான் காணும். சரி, உயிரோடு இருந்தால் முதிர்வுத் தொகை வருமே என்கிறீர்களா? போனஸ் எல்லாம் சேர்த்தாலும் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் ஆண்டுக்கு 5, 6 சதவீதத்தில்தான் நிற்கும்.

அதே வயதில், புகைப் பழக்கம் இல்லாத ஒருவருக்கு ஒரு கோடி ரூபாய்க்கான டெர்ம் பாலிசி (காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தருவது, உயிரோடு இருந்தால் எதுவும் வராது) ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. ஒரு கோடியை 6 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் 50,000 ரூபாய் வரும். மிச்சமாகும் பிரீமியத்தைப் பிபிஎஃப்பிலோ (பொது வருங்கால வைப்பு நிதி) மியூச்சுவல் ஃபண்டிலோ தனியாகச் சேர்க்கலாம். "டெர்ம் பாலிசியில் கட்டின பணம் போச்சே" என்பவர்கள் இருக்கிறார்கள். பைக்குக்கு இன்சூரன்ஸ் கட்டிவிட்டு, இந்த வருடம் விபத்தே நடக்கவில்லையே என்று யாராவது வருத்தப்படுகிறோமா? ஆண்டு வருமானத்தைப் போல் பத்து முதல் பதினைந்து மடங்கு, அதற்கு மேல் வீட்டுக் கடன் பாக்கி எவ்வளவோ அவ்வளவு: ஆயுள் காப்பீட்டுக்கு இதை ஒரு தோராயக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். பிள்ளை பெயரில் பாலிசி போட்டுவிட்டு, சம்பாதிக்கும் அப்பா பெயரில் ஒன்றுமே எடுக்காத வீடுகளும் உண்டு. அது தலைகீழான ஏற்பாடு. முதலில் காக்க வேண்டியது வருமானத்தை.

அடுத்தது, என்னைக் கேட்டால் இருப்பதிலேயே பெரிய தவறு: விண்ணப்பப் படிவத்தை ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டு, அவர் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவது. "சுகருக்கு மாத்திரை சாப்பிடுறேனே" என்று நீங்கள் சொன்னாலும், "அதெல்லாம் எழுதினா பிரீமியம் ஏறும் சார், இல்லைன்னு போட்டுடலாம்" என்று பதில் வரும். பாலிசியும் வந்துவிடும். அன்றைக்கு எதுவும் தெரியாது. பாலிசி எடுத்து மூன்று வருடத்துக்குள் மரணம் நேர்ந்தால் நிறுவனம் விசாரிக்கும். பழைய மருந்துச் சீட்டு, மருத்துவமனைப் பதிவு எல்லாம் வெளியே வரும். கிளெய்மை மறுத்துவிட்டால் தவிப்பது உங்கள் மனைவியும் பிள்ளைகளும். அந்த ஏஜென்டுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. மூன்று வருடம் முடிந்த ஆயுள் பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் கேள்வி கேட்க முடியாது என்று 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு சொல்கிறதுதான். ஆனால், முதல் மூன்று வருடத்தை அதிர்ஷ்டத்தை நம்பி ஓட்டுவதற்காகவா பாலிசி எடுக்கிறோம்? சுகர், பிபி, சிகரெட், பழைய ஆபரேஷன் எல்லாவற்றையும் எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடினால் கூடட்டும்.

மருத்துவக் காப்பீட்டில் பலர் கோட்டை விடுவது அறை வாடகை வரம்பில். ஐந்து லட்ச ரூபாய் பாலிசி, அறை வாடகை ஒரு நாளைக்கு ஒரு சதவீதம், அதாவது 5,000 ரூபாய் என்று இருக்கிறது. நீங்கள் 8,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் தங்குகிறீர்கள். கூடுதலான 15,000 ரூபாயைக் கையிலிருந்து கட்டினால் போதும் என்றுதான் நினைப்போம். ஆனால் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் செலவுகளும் அதே விகிதத்தில், அதாவது எட்டுக்கு ஐந்து என்ற கணக்கில், வெட்டப்படும். அவை 1,60,000 ரூபாய் என்றால் ஒரு லட்சம்தான் கிடைக்கும். மருந்து, உடலில் பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றுக்கு இந்த வெட்டு இல்லை. ஆக, 15,000 என்று நினைத்த இடத்தில் 75,000 ரூபாய் கைக்காசு போகும். அறை வாடகைக்கு வரம்பில்லாத பாலிசியையே தேடுங்கள்.

கம்பெனி கொடுக்கும் மருத்துவக் காப்பீட்டை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்து. வேலை போகும் நாளில் அதுவும் போய்விடும். அப்போது நாற்பத்தைந்து வயதில், பிபியோடு, புதிதாக ஒரு பாலிசிக்குப் போனால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். 2024க்கு முன்பு இது நான்கு வருடம் வரை இருந்தது. உடம்பு நன்றாக இருக்கும்போதே சொந்தமாக ஒன்றைத் தொடங்கிவிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்பு டெர்ம், மருத்துவ பாலிசிகளுக்கு 18 சதவீதம் போனது.

வருமானம் குறைவு, இதெல்லாம் நமக்கில்லை என்று ஒதுங்க வேண்டாம். வங்கிக் கணக்கு இருந்தால் ஆண்டுக்கு 436 ரூபாய்க்குப் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் இரண்டு லட்சம் ஆயுள் காப்பீடும், 20 ரூபாய்க்கு சுரக்ஷா திட்டத்தில் இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடும் கிடைக்கும். பணம் தானாகப் பிடிக்கப்படும் மே மாதக் கடைசியில் கணக்கில் இருப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை வாங்கி வைத்திருக்க வேண்டும்.

நாமினி, அதாவது உங்களுக்குப் பிறகு பணத்தைப் பெற நீங்கள் குறிப்பிடும் நபர், விஷயத்தில் அசட்டை வேண்டாம். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டிருப்பீர்கள். கல்யாணம் ஆனதால் அது தானாக மாறாது. துக்க வீட்டில் மாமியாரும் மருமகளும் இதற்காக மல்லுக்கட்டும்படி விட்டுவிடக் கூடாது. கடை, தொழில் என்று கடன் வாங்குபவர்கள், 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசி எடுப்பது நல்லது. அந்தப் பணம் மனைவி, பிள்ளைகளுக்கே போகும். கடன்காரர்கள் கைவைக்க முடியாது. ஆனால் பாலிசி எடுக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும், பிறகு சேர்க்க முடியாது.

பாலிசி கைக்கு வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டாமல் ஒருமுறை முழுதாகப் படியுங்கள், வீட்டில் உள்ளவர்களுக்கும் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறு கழிவு போக மீதிப் பணம் வந்துவிடும். கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.