ஃபேன் சத்தம் தாங்கவில்லையா? முதலில் எந்த ஃபேன் என்று கண்டுபிடியுங்கள்

கம்ப்யூட்டர் இரைய ஆரம்பித்ததும் புது ஃபேன் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வெறும் காற்று இரைச்சல் என்றால் ஃபேனில் பெரும்பாலும் கோளாறு இல்லை, சூடு ஏறியதால் வேகமாகச் சுற்றுகிறது, அவ்வளவுதான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஏதாவது புரோகிராம் பிராசஸரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். டக் டக்கென்று சீராகத் தட்டினால் ஏதோ ஒரு ஒயர் இறக்கையில் படுகிறது. கரகரவென்று அரைத்தால், அதுவும் ஆன் செய்ததும் அதிகமாக இருந்து போகப்போகக் குறைந்தால், பேரிங் தேய்ந்திருக்கிறது. கேபினட்டைக் கையால் அழுத்தியதும் உறுமல் நின்றுவிடுகிறதா? ஸ்க்ரூவை இறுக்கினால் போதும்.

எந்த ஃபேன் என்று தெரிய, பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு ஒரு தாளைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்து ஒவ்வொன்றின் அருகிலும் கேளுங்கள், இறக்கையில் மட்டும் படக்கூடாது. அப்படியும் பிடிபடவில்லை என்றால் கம்ப்யூட்டரை அணைத்து, கேபினட் ஃபேன்களின் இணைப்பை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிராசஸர் மேல் இருக்கும் சிபியு ஃபேனை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டவே வேண்டாம்.

அடுத்து தூசி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஃபேனை மட்டும் பளபளவென்று துடைத்து எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் உண்மையான அடைப்பு அதற்குப் பின்னால் ஹீட்சிங்கின் (பிராசஸரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பாகம்) தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி படிந்திருக்கும், ஃபேனைக் கழற்றினால்தான் அது கண்ணுக்கே தெரியும். மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு காற்று அடியுங்கள். அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிட்டால் நன்றாக இருந்த பேரிங்கும் கெட்டுவிடும். பவர் சப்ளையை மட்டும் பிரிக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும், சத்தம் அதிலிருந்துதான் என்றால் மாற்றிவிடுவதே நல்லது.

தூசியும் இல்லை, சூடும் இல்லை, ஆனாலும் எப்போதும் முழு வேகத்தில் ஓடுகிறதா? அப்படியானால் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) ஃபேன் அமைப்பைப் பாருங்கள், இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. இணைப்பில் மூன்று பின் மட்டும் உள்ள 3 பின் ஃபேனுக்குப் பிடபிள்யூஎம் (துடிப்பு சிக்னலால் வேகத்தை மாற்றும் முறை) என்று வைத்திருந்தால் வேகம் குறையவே குறையாது, அதை டிசி (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் முறை) என்று மாற்றுங்கள். 4 பின் ஃபேனுக்குப் பிடபிள்யூஎம்தான் சரி. நிமிடத்துக்கு நாலு தடவை வேகம் ஏறி இறங்கினால், சூட்டுக்கு ஏற்ப வேகம் மாறுவதைச் சில வினாடிகள் தாமதப்படுத்தும் வசதி பல மதர்போர்டுகளில் உண்டு, அதைக் கூட்டி வையுங்கள்.

தேய்ந்த ஸ்லீவ் பேரிங்கில் (உள்ளே குண்டுகள் இல்லாத சாதாரண வகை) தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் கொஞ்ச காலம் அமைதியாக ஓடும், ஆனால் சத்தம் திரும்பி வரும். கடைசியில் மாற்றத்தான் வேண்டும். வாங்கும் முன் அளவெடுங்கள்: ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு இடையே 105 மில்லிமீட்டர் இருந்தால் அது 120 மில்லிமீட்டர் ஃபேன். மாட்டும்போது காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், பல ஃபேன்களின் சட்டத்திலேயே அம்புக்குறி இருக்கும்.